ப்ளவுஸ் வெட்டி மிஞ்சிய துணியில் மக் ரக்: ஓரம் கோணாமல், டம்ளர் ஆடாமல் தைப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறேன். வெட்டி மிஞ்சிய துண்டுகள் இரண்டு பை நிறையச் சேர்ந்துவிட்டன. அவற்றை ஒட்டுப்போட்டு, காபி டம்ளருக்கு அடியில் வைக்கிற மக் ரக் தைத்துப் பார்த்தேன். ஓரம் அலையலையாக நிற்கிறது. டம்ளர் வைத்தால் ஆடுகிறது. ஒரு தடவை துவைத்ததும் கோணிக்கொண்டது. நடுவில் என்ன வைக்க வேண்டும்? என்னிடம் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடுகிற கறுப்பு மெஷின். பட்டுத் துண்டுகளையும் சேர்க்கலாமா?"

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன மூன்று கோளாறும் கைத்திறன் குறைவால் வந்தவை அல்ல. ப்ளவுஸ் மிச்சத்தின் குணம் அப்படி. மக் ரக் செய்முறைகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அங்கே குவில்ட் (அடுக்கடுக்காக வைத்துத் தைக்கிற ஒட்டுப் போர்வை) தைப்பதற்கென்றே நெருக்கமான நெசவுள்ள, சற்றுக் கெட்டியான பருத்தித் துணி விற்கிறார்கள். அவர்களுக்கு மிஞ்சுவதும் பெரும்பாலும் நேராக வெட்டிய பட்டைகளும் சதுரங்களும்தான். நம் பையில் இருப்பது வேறு. கைக்குழி வெட்டிய பிறைத் துண்டு, கழுத்து வெட்டிய அரைவட்டம், கிராஸ் கட் போட்டதில், அதாவது நெசவுக்குச் சாய்வாக வெட்டியதில் விழுந்த முக்கோணம், கை நீளத்துக்குப் பக்கத்தில் மிஞ்சிய ஒல்லிப் பட்டை. அதிலும் பாதி 2×2 ரூபியா என்கிற ப்ளவுஸ் துணி, இல்லாவிட்டால் லைனிங். இரண்டுமே மெல்லிசு.

இப்போதே அந்தப் பையிலிருந்து ஒரு முக்கோணத் துண்டை எடுத்துப் பாருங்கள். பாவு நூல் (துணியின் நீளவாக்கு நூல்) ஓடுகிற திசையில் இரண்டு கையாலும் இழுங்கள், அசையாது. ஊடை நூல் (குறுக்கு நூல்) திசையில் இழுங்கள், துளி இளகும். அப்புறம் அந்த நீளமான சாய்ந்த ஓரத்தைப் பிடித்து இழுங்கள். சரசரவென்று நீண்டு, விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பாமல் நெளிந்து நிற்கும். மெஷினுக்கு அடியில் போகும்போதும், அதன் பல் துணியைப் பின்னால் இழுக்கிற இழுப்பில் இதேதான் நடக்கிறது. இப்படிப் பத்துத் துண்டுகளை ஒன்றோடொன்று தைத்தால், ஒவ்வொரு தையலிலும் கொஞ்சம் நீண்டு, கடைசியில் நடு இறுகியும் ஓரம் தளர்ந்தும் வரும்.

அதனால் நான் சொல்லப் போகிற முக்கியமான விஷயம் ஒன்றே ஒன்று. ப்ளவுஸ் மிச்சத்தை ஒன்றோடொன்று தைக்காதீர்கள். ஒரு அடித்துணியை விரித்து, அதன் மேல் வைத்துத் தையுங்கள். அப்போது மேலே இருக்கும் துண்டு எந்தக் கோணத்தில் வெட்டியிருந்தாலும், அடித்துணியின் நேர் நெசவு அதைப் பிடித்துக்கொள்ளும். மீதி எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அடித்துணிக்குப் பழைய பருத்தி வேட்டியை மிஞ்சிய பொருள் கிடையாது. பல வருடம் துவைத்துச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்திருக்கும். மெல்லிசாக இருப்பதால் தடிமன் கூட்டாது, சாயமும் போகாது. கரையை வெட்டி எடுத்துவிட்டு நடுப்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டால் நூல் பிரிகிற அளவுக்கு நைந்துபோனது மட்டும் வேண்டாம்.

சரி, அளவு. சாதாரணக் கோஸ்டர் கப்புக்கு மட்டும் இடம் கொடுக்கும். மக் ரக் அதைவிடப் பெரியது, கப்போடு பக்கத்தில் இரண்டு பிஸ்கட்டோ ஒரு துண்டு கேக்கோ வைக்கலாம். 5×8, 6×9 இஞ்ச் அளவுகள் பழக்கத்தில் அதிகம். நம் வீட்டு டம்ளர் டபராவுக்கு 6×9 நன்றாக இருக்கிறது. டபரா உட்காரவும், பக்கத்தில் ஒரு கிண்ணம் மிக்சர் வைக்கவும் இடம் சரியாக இருக்கும்.

துண்டுகளைப் பிரிப்பதில் ஒரு மணி நேரம் செலவழிப்பது வீண் அல்ல. முதலில் பருத்தி எது, பாலியஸ்டர் கலந்தது எது என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் நாலு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, ஸ்டீல் தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பாகக் கெட்டி மணி போல நிற்கும். பட்டு, முடி கருகுகிற நாற்றம் அடிக்கும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி என்றால் இரண்டு அடையாளமும் தெரியும். மக் ரக்கின் மேல் பக்கத்துக்குப் பருத்திதான் வேண்டும். சிந்தும் காபியையும், ஐஸ் தண்ணீர்ச் சொம்பின் அடியில் வழிகிற ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். பாலியஸ்டரில் அந்தத் தண்ணீர் மேலேயே நிற்கும்.

அடுத்தது நனைத்தல். ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கும்போது டெய்லர் சொல்வார், லைனிங்கை நனைத்துக் காயவைத்துக் கொண்டு வாருங்கள் என்று. ஆகவே லைனிங் மிச்சம் ஏற்கெனவே சுருங்கியது. ஆனால் மேல்துணியைப் பெரும்பாலும் யாரும் நனைப்பதில்லை. கலம்காரி, அஜ்ரக், இக்கத் ப்ளவுஸ் பிட்டுகளெல்லாம் கடையிலிருந்து வந்தபடியே வெட்டப்பட்டவை. நனைத்த லைனிங்கும் நனைக்காத கலம்காரியும் பக்கத்துப் பக்கத்தில் தைக்கப்பட்டு, முதல் துவைப்பில் ஒன்று சுருங்கி மற்றது சுருங்காமல் நின்றால், கோணத்தான் செய்யும். உங்கள் மூன்றாவது கோளாறுக்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். எல்லாத் துண்டையும் ஒரு முறை வெந்நீரில் ஊறப்போட்டு எடுங்கள். சின்னத் துண்டுகள் சிக்காமலிருக்க, பழைய தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி நனைக்கலாம். அடர் சிவப்பு, இண்டிகோ நீலம், மெரூன் எல்லாவற்றையும் வெளிர் நிறங்களிலிருந்து பிரித்து நனைக்க வேண்டும். பிறகு ஈரத் துண்டை ஒரு வெள்ளைத் துணி மேல் வைத்து அயர்ன் செய்து பாருங்கள். வெள்ளையில் கறை இறங்கினால் இன்னும் சாயம் போகிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று தடவை அலசியும் நிற்காத துண்டை மக் ரக்கில் சேர்க்காதீர்கள். சூடும் ஈரமும் சேர்ந்து விழுகிற இடம் இது. பக்கத்து வெள்ளைத் துண்டைக் கெடுத்துவிடும்.

காய்ந்தபின் லேசாகக் கஞ்சி போடுவது என் அழுத்தமான சிபாரிசு. சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு நன்றாக நீர்க்கக் கரைத்து, வடிகட்டி, அதில் முக்கிப் பிழிந்து, அரை ஈரத்தில் அயர்ன் செய்யுங்கள். தொளதொளவென்று இருந்த 2×2 துண்டு காகிதம் மாதிரி விறைப்பாகி, ஸ்கேல் வைத்து வெட்டினால் ஓரம் நேராக நிற்கும். கஞ்சி போட்டதை அப்படியே பையில் மூட்டை கட்டி வைக்கக் கூடாது, பூச்சி வரும். அந்த வாரம் தைக்கிற துண்டுக்கு மட்டும் போடுங்கள்.

எவ்வளவு சின்னத் துண்டு வரை வைத்துக்கொள்வது என்று பலர் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். ஒட்டுத் தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் கால் இஞ்ச் உள்ளே போகிறது. ஒன்றரை இஞ்ச் அகலப் பட்டையில் ஒரு இஞ்ச் வெளியே தெரியும், மூன்றில் ஒரு பங்கு தையலுக்குள் போய்விடும். ஒரு இஞ்ச் சதுரத் துண்டைத் தைத்தால் தெரிவது அரை இஞ்ச் சதுரம். அதாவது துணியில் முக்கால் பங்கு உள்ளே மறைந்து வெறும் தடிமனாகிறது. அந்தத் தடிமன் மேல்தான் டம்ளர் ஆடும். ஒன்றேகால் இஞ்சுக்குக் குறைவானதை நான் மக் ரக்கில் போடுவதில்லை. அவை பொம்மைக்குள் அடைக்கவும், ஊசி குத்தி வைக்கிற குட்டித் தலையணைக்குள் திணிக்கவும் உதவும்.

இப்போது நடு அடுக்கு. நீங்கள் நேரடியாகக் கேட்டது இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குவில்ட்டுக்கென்று பேட்டிங் என்ற பெயரில் பருத்திப் பஞ்சு விரிப்பு விற்கிறது. கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. தட்டையாக உட்காரும், சூட்டைத் தாங்கும், ஈரத்தை இழுக்கும். துவைக்காத பருத்தி பேட்டிங் முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடும். 9 இஞ்சில் அது கிட்டத்தட்ட அரை இஞ்ச் வரை போகலாம். சிலருக்கு அந்தச் சுருக்கத்தில் வருகிற மெல்லிய மடிப்பு பிடிக்கும். பிடிக்காதென்றால், பாக்கெட்டில் போட்டிருக்கும் குறிப்பைப் பார்த்து, அனுமதித்தால் முன்கூட்டியே நனைத்துக் காயவையுங்கள். அதை முறுக்கிப் பிழியக் கூடாது.

பேட்டிங் வாங்கத் தேவையே இல்லை என்றும் சொல்வேன். குழந்தைகளுக்குப் பயன்படுத்துகிற ஃபிளானல் துணியில் இரண்டு அடுக்கு வைத்தால் மிக நல்ல மக் ரக் வரும். பழைய துருக்கித் துண்டு ஒரு அடுக்கு போதும். ஆனால் அதன் சுருள் நூல்கள் மேல்துணியை நகர்த்தும், அதனால் தைப்பதற்கு முன் கையால் நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டுக்கொள்ள வேண்டும். புதுத் துண்டு வேண்டவே வேண்டாம், அது தன் பங்குக்குச் சுருங்கும். எதுவும் இல்லையா, அதே பழைய வேட்டியை நாலைந்து மடிப்பாக வையுங்கள். வங்காளத்துக் கந்தா அப்படித்தான் பிறந்தது. பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, நடுவில் பஞ்சே இல்லாமல், ஓட்டுத் தையலாலேயே பிணைத்துப் போர்வையாக்கினார்கள்.

வேண்டாதது எது என்றால், புஸுபுஸுவென்று உப்பி இருக்கும் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பும் ஸ்பாஞ்சும். எவர்சில்வர் டம்ளரின் அடி சின்னது, உயரம் அதிகம். உப்பின பரப்பில் வைத்தால் சாயும். காபியின் சூட்டுக்குப் பாலியஸ்டர் உருகாது, அந்தப் பயம் தேவையில்லை. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புக் கடாயை யாராவது அவசரத்தில் அதன் மேல் வைத்தால் உருகக்கூடும். வீட்டில் எது எங்கே வைக்கப்படும் என்று நாம் காவல் இருக்க முடியாதே. உள்ளே எல்லாமே பருத்தியாக இருப்பதுதான் நிம்மதி.

தைக்கிற முறைக்கு வருகிறேன். முதல் மக் ரக்குக்கு லாக் கேபின் என்கிற அமைப்பைச் சொல்லித் தருகிறேன். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக, வயலுக்குப் போட்டுக் கிழிந்த சட்டை, கால்சட்டைகளை வெட்டி இதே மாதிரிச் சுற்றுப் பட்டைப் போர்வைகளைத் தைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஹவுஸ்டாப். 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கிலும் அவற்றைச் சுவரில் மாட்டிக் காட்டினார்கள். 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலையாகவே வெளியிட்டது. அந்தப் போர்வைகளின் படங்களைத் தேடிப் பாருங்கள். பட்டைகள் ஒன்றுகூட ஒரே அகலத்தில் இருக்காது, கோடுகள் வளைந்திருக்கும், ஆனாலும் கண் அதிலிருந்து நகராது. மிச்சத் துணியில் தைப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய தைரியம் வேறு யாரும் கொடுக்க முடியாது.

வேட்டித் துணியை 8×11 இஞ்ச் வெட்டி, 11 இஞ்ச் பக்கம் இடவலமாக வரும்படி வைத்து, நெசவு நேராக இருக்கிறதா என்று பார்த்து அயர்ன் செய்யுங்கள். இடது ஓரத்திலிருந்து 4 இஞ்ச், மேலிருந்து 4 இஞ்ச் தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். 2 இஞ்ச் சதுரத் துண்டு ஒன்றை, நல்ல பக்கம் மேலே தெரிய, அந்தப் புள்ளி அதன் நடுவில் வருமாறு வைத்துக் குண்டூசி குத்துங்கள். ஒன்றரை இஞ்ச் அகலப் பட்டை ஒன்றை அந்தச் சதுரத்தின் மேல், நல்ல பக்கமும் நல்ல பக்கமும் சேர, ஒரு ஓரம் பொருந்த வைத்து, கால் இஞ்ச் உள்ளே தள்ளித் தையுங்கள். வேட்டியும் சேர்ந்து தைக்கப்பட வேண்டும். பட்டையைத் திருப்பி மடித்து, தையல் மேல் அயர்னை அழுத்தி எடுங்கள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் பட்டை நீளும். மிஞ்சிய நீளத்தை வெட்டிவிட்டு, அடுத்த பக்கத்துக்கு அடுத்த பட்டை. இப்படி நாலு பக்கமும் போனால் ஒரு சுற்று. இரண்டாவது சுற்றுக்கு 2 இஞ்ச் அகலப் பட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வெட்டித் திருத்த அந்த இடம் தேவைப்படும். பிறகு வலது பக்கம் மீதி இருக்கும் இடத்துக்கு 4 இஞ்ச் அகலத்தில் ஒரே துண்டு. கிண்ணம் வைக்கும் இடம் அது. ஒட்டில்லாமல் வெறுமையாக இருந்தால் பட்டைகளின் அழகும் எடுப்பாகத் தெரியும், விருப்பமிருந்தால் அதில் ஒரு சின்ன எம்பிராய்டரியும் போடலாம்.

பட்டைக்கு நீளமான துண்டு இல்லை என்றால் இரண்டு மூன்று துண்டை முனையோடு முனை சேர்த்து ஒரு பட்டையாக்கிக்கொள்ளுங்கள். சாய்ந்த ஓரமுள்ள துண்டுகளை வெளிச் சுற்றில் போடாமல் உள்ளே தள்ளிவிடுங்கள். பார்டர் வைத்த ப்ளவுஸ் பிட்டில் மிஞ்சிய கரைத் துண்டு இருந்தால் அதை ஒரே ஒரு பக்கப் பட்டையாகப் போட்டுப் பாருங்கள், மொத்த மக் ரக்கையும் அது தூக்கிக் காட்டும். நிறம் பொறுக்குவதில் குழப்பமாக இருந்தால், துண்டுகளை மேசையில் பரப்பி போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், எத்தனை வண்ணம் இருந்தாலும் தைத்த பிறகு மங்கலாகத்தான் இருக்கும். வெளிர் துண்டு நாலைந்து கலக்க வேண்டும். லைனிங் மிச்சம் அங்கேதான் கைகொடுக்கும். தந்த நிறம், சந்தன நிறம், வெளிர் பச்சை என்று எத்தனை சாயல் இருக்கிறது பாருங்கள் உங்கள் பையில்!

கால் இஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. பிரஷர் ஃபுட்டின் (துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கிற பாதம்) ஓரத்தை அளவாக வைத்துத் தைக்கும் பழக்கம் இருக்கும். ஊசியிலிருந்து அந்த ஓரம் எல்லா மெஷினிலும் கால் இஞ்ச் வராது. ஒரு காகிதத்தில் நூலில்லாமல் ஓட்டி, துளைக்கும் காகித ஓரத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஊசித் தட்டின் மேல் கால் இஞ்சில் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு, துணியை அதை உரசிப் போகவிடுங்கள்.

மேல் பக்கம் முடிந்தது. இனி குவில்ட் செய்வது, அதாவது மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பது. பின்துணியை மேல்துணியைவிடச் சுற்றிலும் அரை இஞ்ச் பெரிதாக வெட்டி, நல்ல பக்கம் கீழே இருக்குமாறு மேசையில் விரித்து, மூலைகளை டேப்பால் ஒட்டுங்கள். இறுக்கி இழுக்க வேண்டாம், சுருக்கமில்லாமல் இருந்தால் போதும். அதன் மேல் நடு அடுக்கு, அதன் மேல் தைத்த மேல்துணி. நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கையால் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டு மூன்றையும் பிணையுங்கள். இதைச் சோம்பலில் விட்டுவிட்டு நாலு குண்டூசியோடு மெஷினுக்குப் போனால், பின்பக்கம் சுருக்கம் விழுவது நிச்சயம்.

கறுப்பு மெஷினில் இது முடியுமா என்றால், தாராளமாக முடியும். மூன்று இடத்தில் மட்டும் மாற்றம் தேவை. ஊசி 14ஆம் நம்பர் போடுங்கள், துருக்கித் துண்டு வைத்திருந்தால் 16. தையல் நீளத்தைச் சாதாரணமாகத் தைப்பதைவிடக் கொஞ்சம் கூட்டி, மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வையுங்கள். மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாது. பிரஷர் ஃபுட்டைத் தாங்கும் கம்பியின் உச்சியில், மெஷின் தலைக்கு மேலே, கையால் திருகுகிற மாதிரி ஒரு திருகு இருக்கும். அதைச் சில சுற்று தளர்த்துங்கள். ஃபுட்டின் அழுத்தம் குறையும். அழுத்தம் அதிகமாக இருந்தால், கீழே பல் பின்துணியை இழுத்துக்கொண்டு போகும்போது மேலே ஃபுட் மேல்துணியைப் பிடித்து முன்னால் தள்ளும். அடுக்குகள் விலகுவது அதனால்தான். இதைச் சரிக்கட்ட வாக்கிங் ஃபுட் என்று தனியாக ஒன்று விற்கிறது. உங்கள் மெஷினுக்குப் பொருந்துவது கிடைத்தால் நல்லது, 6×9 அளவுக்குத் திருகைத் தளர்த்தினாலே போதும். வேலை முடிந்ததும் திருகைப் பழைய இடத்துக்கு மறக்காமல் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த ப்ளவுஸில் தையல் வழுக்கும்.

கோடுகளை நேராகவே போடுங்கள். நடுவில் முதல் கோடு, அப்புறம் அதிலிருந்து வலப்பக்கம் அரை இஞ்சுக்கு ஒன்றாக, பிறகு இடப்பக்கம். எல்லாக் கோட்டையும் ஒரே திசையில் ஓட்டுங்கள். ஒன்று மேலிருந்து கீழ், அடுத்தது கீழிருந்து மேல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் கோடுகளுக்கு நடுவே துணி சாய்வாக முறுக்கிக்கொள்ளும். கோடு முடிகிற இடத்தில் பின்தையல் வேண்டாம், அந்த ஓரம் எப்படியும் வெட்டுப்படும், பைண்டிங்குக்குள் (ஓரத்தை மூடித் தைக்கிற பட்டை) போய்விடும். கோடுகள் நெருக்கமாக இருந்தால் மக் ரக் தட்டையாகவும் கெட்டியாகவும் இருக்கும், டம்ளர் ஆடாது. அதிலும் ஒரு எல்லை உண்டு, கால் இஞ்சுக்கும் நெருக்கமாகப் போனால் அட்டையாக விறைத்துவிடும்.

மெஷின் வேண்டாம், கையாலேயே போடுகிறேன் என்றால் அதுவும் அருமை. எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை எடுத்து ஓட்டுத் தையல் போடுங்கள். 6×9 அளவு மடியில் வைத்துத் தைக்க அளவெடுத்த மாதிரி. வட கர்நாடகத்துக் காடுகளில் வாழும் சித்தி சமூகப் பெண்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள், பழைய துணியில் கவந்த் என்கிற போர்வையை இப்படிக் கையாலேயே தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, துண்டு துண்டாக வைத்துத் தைத்துக்கொண்டே நடுவை நோக்கிச் சுற்றி வருவார்கள். அங்கேயும் துண்டுகளை அடித்துணி மேல் வைத்துத்தான் தைக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது வெட்டித் திருத்துங்கள். துணி வெட்டுகிற ரோட்டரி கட்டர், அதற்கு அடியில் விரிக்கிற பச்சைப் பாய் எதுவும் அவசியமில்லை. ஒரு கெட்டி அட்டையில் 6×9 சரியாக வெட்டிக்கொண்டு, மேலே வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு, நல்ல கத்தரியால் வெட்டுங்கள். அட்டை சதுரக்கோணமாக இருக்கிறதா என்று இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக, 10¾ இஞ்சுக்குத் துளி கூடுதலாக இருக்க வேண்டும். ஓரங்களைவிட மூலைவிட்டம்தான் உண்மையைச் சொல்லும்.

ஓரம் அலையலையாக நின்றது என்றீர்களே, அதற்குப் பைண்டிங்கும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ப்ளவுஸ் தைப்பவர்களுக்குக் கழுத்துக்குக் கிராஸ் பீஸ் (சாய்வாக வெட்டிய பட்டை) வெட்டும் பழக்கம் கையோடு வந்துவிட்டது. கழுத்து வளைவுக்குக் கிராஸ் பீஸ் இல்லாமல் முடியாது. ஆனால் மக் ரக்கின் ஓரம் நேர்க்கோடு. நேர்க்கோட்டில் கிராஸ் பீஸை வைத்தால், தைக்கும்போது நம்மை அறியாமல் இழுபடும், விட்டதும் சுருங்கப் பார்க்கும். ஓரம் நெளிந்துபோகும். இங்கே நேர் நெசவில் வெட்டிய பட்டைதான் வேண்டும், பாவுத் திசையில் வெட்டியது என்றால் இன்னும் நல்லது. மூலைகளை வட்டமாக வெட்டினால் மட்டும் கிராஸ் பீஸுக்குப் போங்கள்.

பட்டையின் அகலம் இரண்டேகால் இஞ்ச். சுற்றளவு 30 இஞ்ச், மூலைக்கும் இணைப்புக்கும் சேர்த்து 40 இஞ்ச் நீளம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே துணியில் அவ்வளவு நீளம் இருக்காது. துண்டுகளை இணைக்கும்போது சாய்வாகத் தைத்து இணையுங்கள், அப்போதுதான் தடிமன் ஒரே இடத்தில் குவியாது. பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து அயர்ன் செய்து, அதன் வெட்டிய ஓரங்கள் மக் ரக்கின் ஓரத்தோடு பொருந்த முன்பக்கம் வைத்து, கால் இஞ்சில் தையுங்கள். மூலைக்குக் கால் இஞ்ச் முன்னாலேயே நிறுத்தி நூலை வெட்டுங்கள். பட்டையை மேல்நோக்கிச் சாய்வாக மடியுங்கள், மடிப்பு 45 பாகையில் வரும். பிறகு அதை அப்படியே கீழ்நோக்கி மடித்து, அடுத்த ஓரத்தோடு பொருத்தி, மேல் விளிம்பிலிருந்து தையலைத் தொடருங்கள். படிக்கும்போது சிக்கலாகத் தெரியும். ஒரு காகிதப் பட்டையை வைத்து ஒரு தடவை மடித்துப் பார்த்தால் கைக்குப் புரிந்துவிடும். நாலு மூலையும் முடிந்ததும் பட்டையைப் பின்பக்கம் திருப்பி ஹெம்மிங் செய்யுங்கள். ப்ளவுஸ் கழுத்துக்குப் போடுகிற அதே ஹெம்மிங்தான், உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மெஷினில் மேலேயே தைத்து முடிப்பவர்களும் உண்டு, எனக்குக் கை ஹெம்மிங்கின் சுத்தம் பிடிக்கும்.

பைண்டிங் இல்லாமல், முன்னும் பின்னும் சேர்த்துத் தைத்து ஒரு வாய் விட்டுத் திருப்பிப் போடுகிற முறையும் இருக்கிறது. சீக்கிரம் முடியும். ஆனால் தையல் துணி முழுக்க ஓரத்துக்குள் மடிந்து கிடப்பதால் விளிம்பு உயர்ந்து நடு பள்ளமாகும். மூலையும் கூர்மையாக வராது. குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அது நல்லது, பரிசாகக் கொடுப்பதற்குப் பைண்டிங்.

பட்டுத் துண்டுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மக் ரக்கில் வேண்டாம். தண்ணீர் பட்டால் பட்டில் தடம் விழும், காபி பட்டால் எடுப்பது கடினம். ஜரிகையில் டம்ளரும் வழுக்கும். பட்டுத் துண்டுகளை, அயர்ன் செய்தால் ஒட்டிக்கொள்கிற மெல்லிய கேன்வாஸில் ஒட்டி, நகைப் பையாகவோ, சுவரில் மாட்டும் சின்னத் தொங்கலாகவோ செய்யுங்கள். இதே அடித்துணி முறையும் லாக் கேபின் அமைப்பும் அங்கேயும் பொருந்தும். திருப்பூர்ப் பனியன் துணி மிச்சம் இருந்தால் அதையும் இதோடு கலக்காதீர்கள். அது பின்னலாடைத் துணி, எல்லாப் பக்கமும் நீளும். பின்துணியாகவும் போடாதீர்கள். பின்பக்கத்துக்குக் கெட்டியான பாப்ளினோ பழைய பருத்திச் சட்டைத் துணியோ நன்றாக இருக்கும். மழமழப்பான மேசையில் மக் ரக் நகர்கிறது என்றால் பழைய ஜீன்ஸ் துணியைப் பின்னால் போடுங்கள், நகராது. அப்போது நடு அடுக்கை ஒன்று குறைத்து, ஊசியை 16 ஆக்குங்கள்.

துவைப்பதற்குக் குளிர்ந்த தண்ணீரும் லேசான சோப்பும் போதும். காபிக் கறை பட்ட உடனே குழாயடியில் பின்பக்கமிருந்து தண்ணீர் விட்டு அலசினால் பெரும்பாலும் போய்விடும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தி எடுத்து, கையால் நீவிச் சதுரப்படுத்தி, கொடியில் தொங்கவிடாமல் தட்டையாக நிழலில் காயவையுங்கள். முதல் துவைப்பு முடிந்ததும் அந்த 6×9 அட்டையை ஒரு முறை மேலே வைத்துப் பாருங்கள். நீளவாக்கில் மட்டும் குறைந்திருந்தால் அடுத்ததைத் தைக்கும்போது நடு அடுக்கை முதலிலேயே நனைத்துவிடுங்கள். ஒரு மூலை மட்டும் இழுத்திருந்தால், அந்த மூலைக்குப் பக்கத்தில் இருக்கும் துண்டு நனைக்காமல் போனது என்று வைத்துக்கொள்ளலாம்.